உத்தரவு போட்டது யாரு?

லத்தி பிடிச்ச கைக்கு தண்டனை கிடைச்சிருக்கு. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு? நம்ம அரூர் பக்கத்து வாச்சாத்தியில் ஆரம்பிச்சு பெரு, சிலி, சாட், கொழும்பு வரைக்கும் ஒரு ரவுண்ட் போயிட்டு வரலாம், வாங்க!

ரெண்டு தேதி சொல்றேன், மனசுல வெச்சுக்கங்க. ஒண்ணு, 1992 ஜூன் 20. இன்னொண்ணு, 1992 ஜூலை 18. நடுவில் வெறும் இருபத்தெட்டு நாள். நாம யாருமே பொறக்காத காலம்.

முதல் தேதிக்குரிய ஊர், தர்மபுரி மாவட்டத்தில் அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிற வாச்சாத்தி. இரண்டாவது தேதிக்குரிய இடம், தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், தலைநகர் லிமாவுக்கு வெளியே இருக்கிற ஒரு காலேஜ் ஹாஸ்டல். லா கான்ட்டூட்டா பல்கலைக்கழகம் என்பார்கள்.

ரெண்டு இடத்துக்கும் வந்தது திருடர்கள் இல்லை. சம்பளம் வாங்குகிற அரசாங்க ஆட்கள். ரெண்டு இடத்திலும் 'அப்படி எதுவும் நடக்கவே இல்லை' என்றுதான் அரசாங்கம் சொன்னது. ரெண்டிலும் பல வருஷம் கழித்து நீதிமன்றம் 'நடந்தது' என்று தீர்ப்பு எழுதியது. ஆனால், ஒரு பெரிய வித்தியாசம். வாச்சாத்தி வழக்கில் தண்டனை அதிகாரிகளோடு நின்றது. பெருவில் அது நாட்டின் முன்னாள் அதிபர் வரைக்கும் போய், அவரை 25 வருஷம் உள்ளே தள்ளச் சொன்னது.

ஏன் ஒரு இடத்தில் ஏணி பாதியில் நின்றது? இன்னொரு இடத்தில் எப்படி மொட்டைமாடி வரைக்கும் போச்சு? இதுதான் பாஸ் மேட்டர்!

ஆலமரத்தடியில் ஆரம்பிச்ச கதை

முதலில் நம்ம ஊர். அப்போது சந்தனக்கடத்தல் தமிழ்நாட்டின் தலைப்புச் செய்தி. மலையைச் சுற்றிலும் வனத்துறை, போலீஸ் நடமாட்டம். 1992 ஜூன் 20-ம் தேதி, கடத்தல் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்த ஒரு பெரும்படை வாச்சாத்திக்குள் நுழைந்தது. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். (கேரளா மலையாளி இல்லைங்க... மலையை ஆள்கிறவர்கள் என்ற அர்த்தத்தில் வந்த பேர்.)

ஆண்கள் பலர் பயந்து காட்டுக்குள் ஓடிவிட, பெண்களையும் குழந்தைகளையும் வயசானவர்களையும் ஊர் ஆலமரத்தடிக்கு இழுத்து வந்தார்கள். அடி, உதை. அதில் 18 பெண்களைத் தனியாகப் பிரித்து ஏரிப் பக்கம் கொண்டுபோய் பாலியல் வன்முறை செய்தார்கள். அந்தப் 18 பேரில் ஒரு சிறுமிக்கு வயசு 13. பிறகு அரூர் வனத்துறை அலுவலகம், அங்கேயிருந்து சேலம் ஜெயில். பெண்களும் கைக்குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் அதிகமானவர்கள் மேல் சந்தனக்கடத்தல் கேஸ்! ஊரில் வீடுகள் நொறுக்கப்பட்டன. தானியம் பாழானது. குடிக்கிற கிணறும் தப்பவில்லை.

விஷயம் உடனே வெளியே வரவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களும் அடுத்த மாதம் ஊருக்குள் போய்ப் பார்த்த பிறகுதான் கதை தெரிந்தது. சங்கத்தின் பெ.சண்முகம், அரூரின் முன்னாள் எம்.எல்.ஏ அண்ணாமலை போன்றவர்கள் விடாமல் பேசினார்கள். அக்கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் ஏ.நல்லசிவன் கோர்ட்டுக்குப் போனார். தேசிய எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி ஐ.ஏ.எஸ். ஊருக்கே வந்து விசாரித்து, மக்கள் சொல்வது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். அரசாங்கமே நியமித்த ஒரு அதிகாரி, அரசாங்கத்துக்குப் பிடிக்காத உண்மையை எழுதிய அந்த அறிக்கைதான் முதல் திருப்பம். 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் கேஸை சி.பி.ஐ-க்கு மாற்றியது.

269 பேர்... 19 வருஷம்!

சி.பி.ஐ. போட்ட குற்றப்பத்திரிகையில் மொத்தம் 269 பேர். வனத்துறை 155, போலீஸ் 108, வருவாய்த்துறை 6. கடைநிலை ஊழியரிலிருந்து ஐ.எஃப்.எஸ். அதிகாரிகள் நாலு பேர் வரைக்கும் லிஸ்ட்டில் இருந்தார்கள்.

கேஸ் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கடைசியில் நம்ம தர்மபுரி மாவட்ட கோர்ட்டுக்கே வந்து சேர்ந்தது. 2011 செப்டம்பர் 29-ம் தேதி, முதன்மை மாவட்ட நீதிபதி எஸ்.குமரகுரு தீர்ப்பு சொன்னார். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள்! ஒருத்தர்கூட விடுதலை இல்லை. பாலியல் வன்முறைக்காக 17 பேருக்குத் தண்டனை. அதில் 12 பேருக்கு 10 வருஷம், 5 பேருக்கு 7 வருஷம். மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு.

மீதி 54 பேர்? விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துபோனார்கள். அவர்களைப் பொறுத்தவரை கேஸ் அதோடு முடிஞ்சது. இந்த 54-ஐ ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி திரும்ப வரும்.

மேல்முறையீடு. மறுபடி 12 வருஷம். உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் வந்து, அந்த ஏரி, அந்த ஊர், அந்த மலை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார். 2023 செப்டம்பர் 29, அதாவது முதல் தீர்ப்பு வந்த அதே தேதியில், எல்லா அப்பீலையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பேருக்கும் தலா 10 லட்ச ரூபாய். அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூல் செய்யச் சொன்னார். வேலையோ சுயதொழிலுக்கான உதவியோ தரணும் என்றும் சொன்னார்.

அதோடு இன்னொரு வரி. சம்பவம் நடந்தபோது இருந்த மாவட்ட கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மூன்று பேர் மீதும் நடவடிக்கை எடுக்கணும் என்று அரசுக்கு உத்தரவு. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய மனுஷர்களையும் காப்பாற்றத்தான் அப்பாவி ஜனங்களைப் பலியாக்கினார்கள் என்ற அர்த்தத்தில் தீர்ப்பு பேசியது.

ஃபியூஸை மாத்தினா போதுமா?

எங்க டிபார்ட்மென்ட் பாஷையில் சொல்றேன். வீட்டில் ஃபியூஸ் போகுது. மாத்தறோம். மறுபடி போகுது. மறுபடி மாத்தறோம். மூணாவது தடவையாவது, 'டேய், லைன்ல எங்கியோ கோளாறுடா'னு மேலே ஏறிப் பார்க்கணுமா, இல்லியா?

வாச்சாத்தியில் 269 பேர் மூணு டிபார்ட்மென்ட்டிலிருந்து ஒரே நாளில், ஒரே ஊருக்கு, வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். இது நாலு பேர் டீக்கடையில் பேசி முடிவெடுத்த விஷயமா? மூணு துறையை ஒண்ணு சேர்க்கிற அதிகாரம் யாரிடம் இருந்தது? நடந்தது வெளியே வந்த பிறகு அதை மறைக்கிற வேலையை யார் செய்தது? அப்போது இருந்தது 1991-96 அ.தி.மு.க. ஆட்சி. முதல்வர் ஜெயலலிதா. 269 பேர் லிஸ்ட்டில் கலெக்டர் பேரும் இல்லை, எஸ்.பி. பேரும் இல்லை, எந்த அமைச்சர் பேரும் இல்லை. 'அமைச்சர் சொல்லித்தான் நடந்தது' என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை, நானும் சொல்லலை. ஆனால், 'யார் சொல்லி நடந்தது?' என்ற கேள்வியை ஒரு நீதிமன்றம் கலெக்டர் வரைக்கும் கொண்டுபோகவே 31 வருஷம் ஆச்சு.

ஹாஸ்டல்ல இதைப் பேசிக்கிட்டிருந்தப்ப ரூம்மேட் சொன்னான், "மச்சி, கலெக்டரையே கேள்வி கேட்க முடியலைன்னா, இதுக்கு மேலே சி.எம்., பி.எம்., பிரசிடென்ட்டை எல்லாம் எவன்டா கேட்பான்?"

கேட்டிருக்காங்க மச்சி. லிமாவுக்கு டிக்கெட் போடு!

சாவிக்கொத்து பேசியது

1992 ஜூலை 18 விடியற்காலை. லா கான்ட்டூட்டா பல்கலைக்கழக ஹாஸ்டலுக்குள் ராணுவ உளவுப்பிரிவின் ரகசியப்படை நுழைந்தது. தீவிரவாதிகளைத் தேடுவதாகச் சொன்னார்கள். ஒன்பது மாணவர்கள், ஒரு பேராசிரியர். அவ்வளவுதான், பத்து பேரும் காணோம்! 'எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை' என்றது ராணுவம்.

அடுத்த வருஷம், 1993-ல், ஒரு பத்திரிகைக்குக் கையால் வரைந்த ஒரு வரைபடம் கிடைத்தது. அது காட்டிய இடத்தைத் தோண்டினார்கள். எரிந்த எலும்புகள். கூடவே சாவிகள். அந்தச் சாவிகளைக் கொண்டுபோய்ப் பார்த்தால், காணாமல்போன மாணவர்கள் பயன்படுத்திய பூட்டுகள் திறந்தன! ஒரு ஹாஸ்டல் சாவி, நம்ம எல்லாரோட பாக்கெட்லயும் கிடக்கிற மாதிரி ஒண்ணு, அரசாங்கத்தின் பொய்யை உடைத்தது.

சிலருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால், 1995-ல் அதிபர் ஆல்பர்ட்டோ ஃபுஜிமோரி ஆட்சியில் பொதுமன்னிப்புச் சட்டம் கொண்டுவந்து எல்லோரையும் வெளியே விட்டார்கள். கதை முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க.

முடியலை. 2000-ல் ஊழல் புயல். ஃபுஜிமோரி ஜப்பானுக்குப் போய், அங்கேயிருந்து ஃபேக்ஸில் ராஜினாமா அனுப்பினார். 2001-ல் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம், அந்த மன்னிப்புச் சட்டம் செல்லாது என்றது. 2005-ல் மறுபடி தேர்தலில் நிற்கும் ஆசையில் பக்கத்து நாடான சிலியில் வந்து இறங்கினார். கைது! 2007-ல் பெருவுக்கு அனுப்பப்பட்டார். 2009 ஏப்ரல் 7-ல், லா கான்ட்டூட்டா கொலைகளுக்கும், 1991-ல் பாரியோஸ் ஆல்ட்டோஸ் பகுதியில் 15 பேர் கொல்லப்பட்டதற்கும் பொறுப்பு என்று 25 வருஷ சிறைத்தண்டனை.

கவனியுங்க, அவர் துப்பாக்கியைத் தொடவே இல்லை. நீதிபதிகள் வைத்த வாதம் இதுதான்: ஒரு அமைப்பு முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. மேலேயிருந்து சொன்னால் கீழே நடக்கும். கீழே இருக்கிறவன் மாட்டேன் என்றால் அந்த இடத்தில் வேறு ஒருத்தன் வருவான். அப்படி ஒரு மெஷினை இயக்குகிறவர், ட்ரிகரை இழுத்தவரைப் போலவே குற்றவாளி. 'எழுத்துல உத்தரவு எங்கே?' என்ற கேள்விக்கு, அந்தப் படைக்குக் கிடைத்த பணம், வண்டி, பதவி உயர்வு, பிறகு வந்த மன்னிப்பு எல்லாவற்றையும் கோத்துப் பார்த்துப் பதில் சொன்னார்கள். தேர்தலில் ஜெயித்து வந்த ஒரு அதிபரை, அவர் சொந்த நாட்டு நீதிமன்றமே மனித உரிமை மீறலுக்காகத் தண்டித்தது அதுதான் முதல் தடவை என்கிறார்கள்.

முழுத் தண்டனையையும் அனுபவித்தாரா? இல்லை. 2023 டிசம்பரில் உடல்நிலையைக் காரணம் காட்டி விடுவித்தார்கள். 2024 செப்டம்பரில் இறந்துபோனார். ஆனால், 'குற்றவாளி' என்ற தீர்ப்பை யாராலும் அழிக்க முடியவில்லை.

லண்டன் கிளினிக்கில் ஒரு தாத்தா

ஃபுஜிமோரிக்கு முன்னாடி கதவைத் தட்டித் திறந்த கேஸ் ஒண்ணு இருக்கு. சிலி நாட்டின் ஜெனரல் அகஸ்டோ பினோசே. 1973 செப்டம்பர் 11-ல் ராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைப் பிடித்து, 1990 வரை நாற்காலியில் இருந்தவர். அவர் காலத்தில் கொல்லப்பட்டவர்களும் காணாமல்போனவர்களும் 3,000-க்கும் மேல்.

பதவியைவிட்டு இறங்கும் முன்பே தனக்குப் பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம் செய்துகொண்டார். 1998 அக்டோபரில் முதுகு ஆபரேஷனுக்காக லண்டன் போனார். ஸ்பெயின் நாட்டு நீதிபதி பால்தாசர் கார்ஸோன் அனுப்பிய வாரண்டை வைத்து, அக்டோபர் 16 இரவு கிளினிக்கிலேயே லண்டன் போலீஸ் கைது செய்தது. வயசு 82!

'நான் முன்னாள் நாட்டுத் தலைவர், என்னைத் தொட முடியாது' என்றார். இங்கிலாந்தின் உச்சபட்ச நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை, 1999 மார்ச்சில் சொன்ன பதில் இன்று வரை சட்டக் கல்லூரிகளில் பாடம். சித்ரவதை செய்வது எந்த நாட்டுத் தலைவருடைய 'அலுவல் வேலை'யும் ஆகாது. அதனால் முன்னாள் தலைவர் என்ற கவசம் அதற்குக் கிடையாது.

ஆனால், கிளைமாக்ஸ் நாம நினைச்ச மாதிரி இல்லை. உடம்பு சரியில்லை என்று 2000 மார்ச்சில் இங்கிலாந்து அவரை ஊருக்கே அனுப்பிவைத்தது. சக்கர நாற்காலியில் விமானம் ஏறியவர், சான்டியாகோவில் இறங்கியதும் எழுந்து நடந்துபோய் ராணுவ நண்பர்களுக்குக் கை கொடுத்தார்! சொந்த நாட்டில் கேஸ் மேல் கேஸ் வந்தது. எதிலும் தீர்ப்பு வருவதற்குள், 2006 டிசம்பர் 10-ல் இறந்துபோனார். டிசம்பர் 10 என்ன நாள் தெரியுமா? உலக மனித உரிமைகள் தினம்.

குமாஸ்தா ஒளித்துவைத்த பேப்பர்கள்

எனக்கு இந்த லிஸ்ட்டிலேயே ரொம்பப் பிடித்த ஆள் வக்கீலும் இல்லை, நீதிபதியும் இல்லை. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சுலைமான் கெங்கெங்.

சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்டவர் இசேன் ஹாப்ரே. அவருடைய ரகசிய போலீஸ், கெங்கெங்கை இரண்டு வருஷத்துக்கும் மேல் ஜெயிலில் போட்டது. கூட இருந்தவர்கள் ஒவ்வொருத்தராகச் செத்துவிழ, 'உயிரோட வெளியே போனா இதுக்கு நியாயம் கேட்பேன்' என்று உறுதி எடுத்துக்கொண்டார். 1990-ல் ஹாப்ரே நாட்டைவிட்டு ஓடினார், கெங்கெங் வெளியே வந்தார். வந்தவர் வீடு வீடாகப் போய், பாதிக்கப்பட்ட 700-க்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலங்களைச் சேர்த்தார். மிரட்டல் வந்தபோது அந்தப் பேப்பர்களை வீட்டிலேயே வருஷக்கணக்கில் ஒளித்து வைத்திருந்தார்.

2001-ல் ரகசிய போலீஸின் பழைய அலுவலகத்தில் குப்பையாகக் கிடந்த ஆயிரக்கணக்கான ஆவணங்களை மனித உரிமை ஆர்வலர்கள் கண்டெடுத்தார்கள். யாரைப் பிடித்தார்கள், யார் செத்தார்கள் என்று ஆபீஸ் ஃபைல் மாதிரி சுத்தமாக எழுதி வைத்திருந்தது! ஹாப்ரே ஒளிந்திருந்த செனகல் நாட்டிலேயே, ஆப்பிரிக்க ஒன்றியத்தின் துணையோடு தனி நீதிமன்றம் அமைந்தது. 2016 மே 30-ல் ஆயுள் தண்டனை. ஓடிப்போய் 26 வருஷம் கழித்து! 2021-ல் தண்டனைக் கைதியாகவே இறந்துபோனார்.

இந்தியாவில் யாராவது முயற்சி பண்ணியிருக்காங்களா?

உண்டு. 1975-77 நெருக்கடி நிலை. அது முடிந்ததும், 1977-ல் ஜனதா அரசு அமைத்தது ஷா கமிஷன். முன்னாள் பிரதமர் இந்திரா காந்தி 1978 ஜனவரியில் கமிஷன் முன்னாடி வந்தார். ஆனால், உறுதிமொழி எடுத்து சாட்சி சொல்ல மறுத்துவிட்டார். மூன்று அறிக்கைகள் வந்தன. 1979-ல் தனி நீதிமன்றங்களுக்குச் சட்டமும் வந்தது. 1980 ஜனவரியில் இந்திரா மறுபடி ஜெயித்து வந்தார். அத்தோடு எல்லாம் காற்றில் போச்சு.

தமிழ்நாட்டில், 1976 பிப்ரவரியில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகளை அடித்து நொறுக்கியதை விசாரிக்க நீதிபதி இஸ்மாயில் கமிஷன் போட்டார்கள். கொடூரமாக அடித்தது உண்மை என்று அறிக்கை வந்தது. அடித்தது யார் என்பது பேப்பரில் ஏறியது. 'எமர்ஜென்சியில் இப்படித்தான்' என்று ஒரு சூழ்நிலையை உருவாக்கியவர்கள் யாரும் கூண்டில் ஏறவில்லை.

தலைவர்களைக் கூண்டில் ஏற்றுவது இங்கே ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கு நம்ம தர்மபுரியிலேயே ஒரு வேதனையான பதில் இருக்கு. 2000 பிப்ரவரி 2. பிளஸன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்தது. அது மனித உரிமை வழக்குகூட இல்லை, கட்டட அனுமதி சம்பந்தப்பட்ட ஊழல் வழக்கு. 2001-ல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தும்விட்டது. ஆனால், அந்த ஒரு நாள் ஆத்திரத்தில், இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த டூர் பஸ்ஸுக்கு கட்சிக்காரர்கள் தீவைத்தார்கள். மூன்று மாணவிகள் எரிந்துபோனார்கள். நம்ம வயசு.

தீவைத்த மூன்று பேருக்கு 2007-ல் தூக்கு, 2016-ல் அது ஆயுளானது, 2018-ல் விடுதலை. 'எங்க தலைவரை எப்படித் தண்டிக்கலாம்?' என்கிற மனநிலை இருக்கும்வரை, மேலே ஏறுகிற ஏணியைக் கீழேயிருந்தே உதைத்துத் தள்ள ஆள் இருக்கும்!

பக்கத்து வீட்டில் என்ன நடக்குது?

இலங்கை. 2009-ல் போர் முடிந்த கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் சொன்னது. அப்போது அதிபர் மகிந்த ராஜபக்ச, பாதுகாப்புச் செயலாளர் அவர் தம்பி கோத்தபய. காணாமல்போன பிள்ளைகளின் போட்டோவைப் பிடித்துக்கொண்டு வடக்கு கிழக்கில் அம்மாக்கள் வருஷக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 2023 ஜனவரியில் கனடா இருவர் மீதும் தடை விதித்தது. கிரிமினல் கூண்டு? இல்லை.

ஆனால், அதே 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் ஒரு ஆச்சரியம் செய்தது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு பற்றி முன்கூட்டியே உளவுத் தகவல் வந்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி இலங்கை ரூபாய் நஷ்டஈடு தரணும் என்று உத்தரவிட்டது. ஜெயில் இல்லை, வெறும் காசுதான். ஆனாலும் 'முன்னாள் அதிபர்' என்ற வார்த்தை கவசம் இல்லை என்று அந்த மண்ணிலேயே ஒரு தீர்ப்பு வந்துவிட்டது.

பிலிப்பைன்ஸில் முன்னாள் அதிபர் டுட்டர்ட்டே, போதைப்பொருள் ஒழிப்பு என்ற பேரில் நடந்த கொலைகளுக்காக 2025 மார்ச் 11-ல் மணிலாவில் கைதாகி, ஹேக் நகர சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டார்.

வங்கதேசத்தில் 2024-ல் மாணவர் போராட்டத்தை அடக்கியபோது 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்றது ஐ.நா. முன்னாள் பிரதமர் ஷேக் ஹசீனாவுக்கு 2025 நவம்பர் 17-ல், அவர் இல்லாமலேயே மரண தண்டனை விதித்தார்கள். கொல்லப்பட்டவர்களில் நிறையப் பேர் நம்ம மாதிரி ஸ்டூடன்ட்ஸ். அதனால் 'சூப்பர்!' என்று கை தட்டத் தோணும். ஆனால், விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று சர்வதேச மனித உரிமை அமைப்புகளே விமர்சனம் செய்தன. ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு எழுதுகிற தீர்ப்பு, அடுத்த ஆட்சி மாறினால் கிழிபட்டுவிடும். பெரு தீர்ப்பு நின்றதற்குக் காரணம், ஃபுஜிமோரிக்கு வக்கீல், குறுக்கு விசாரணை, அப்பீல் எல்லாமே கிடைத்தது என்பதுதான். வில்லனுக்கும் முழு விசாரணை கொடுத்தால்தான் தீர்ப்புக்கு ஆயுசு!

சட்டம் என்ன சொல்லுது? - சின்ன பாக்ஸ்

* அரசியல் சட்டம் 361-வது பிரிவு: ஜனாதிபதி, கவர்னர் மீது பதவியில் இருக்கும்போது கிரிமினல் வழக்கு போட முடியாது. பதவி போனால் இந்தத் தடையும் போச்சு. பிரதமருக்கும் முதல்வருக்கும் இந்தச் சலுகை கிடையவே கிடையாது!

* அரசு ஊழியர் வேலை சம்பந்தமாகச் செய்த குற்றத்துக்கு வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேணும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 197-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்தில் 218. அதாவது, குற்றம் செய்தவரின் முதலாளியிடமே பர்மிஷன் கேட்கணும்! பாலியல் வன்முறை போன்ற குற்றங்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை என்று 2013-ல் திருத்தினார்கள். புதுச் சட்டத்தில் 120 நாளில் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கணக்கு.

* சித்ரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-ல் இந்தியா கையெழுத்துப் போட்டது. அதை உறுதிசெய்து சட்டமாக்கவில்லை. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்திலும் இந்தியா சேரவில்லை.

* அந்த நீதிமன்றத்தின் விதிப்படி, கீழே இருப்பவர்கள் குற்றம் செய்வது தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தும், தடுக்காமல் சும்மா இருந்த மேலதிகாரியும் குற்றவாளியே.

கடைசி பாயின்ட்டை மறுபடி ஒருமுறை படிங்க. 'நான் உத்தரவு போடலை' என்பது மட்டும் பதில் ஆகாது. 'உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சு என்ன செஞ்சீங்க?' என்பது அடுத்த கேள்வி. 2023-ல் உயர் நீதிமன்றம் வாச்சாத்தி கலெக்டர், எஸ்.பி. விஷயத்தில் கை வைத்தது சரியாக இந்த இடத்தில்தான்.

எதிரி பேரு... லேட்!

இவ்வளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சுனு தெரியுது. ஜெயித்த கேஸ் எல்லாவற்றிலும் மூணு பொருள் இருக்கு. ஒண்ணு, பேப்பர். கெங்கெங் ஒளித்துவைத்த வாக்குமூலம், லிமாவின் வரைபடம், வாச்சாத்தியில் பாமதியின் அறிக்கை. சம்பவம் நடந்த சூட்டோடு யாரோ ஒருத்தர் எழுதி வைத்திருக்கிறார். ரெண்டு, தன் அரசாங்கத்துக்கே பிடிக்காததைச் செய்யும் தைரியம் உள்ள ஒரு அதிகாரி அல்லது நீதிபதி. மூணு, விலைக்கும் மிரட்டலுக்கும் படியாத பாதிக்கப்பட்டவர்கள். வாச்சாத்தியின் 18 பெண்கள் கல்யாணம், குழந்தை, கூலி வேலை எல்லாவற்றுக்கும் நடுவில், கூப்பிட்டபோதெல்லாம் கோர்ட் படியேறி, அதே சாட்சியை மாற்றாமல் சொன்னார்கள். பினோசேயைத் துரத்திய கார்ஸோனுக்கு உலகப் புகழ் கிடைத்தது. இவர்களுக்குப் பேர்கூட வெளியே வரக் கூடாது. சட்டம் அப்படி.

தோற்ற கேஸ் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே பொருள், காலதாமதம். பினோசே தீர்ப்புக்கு முன்னாடி போய்ச் சேர்ந்தார். ஷா கமிஷன் அறிக்கைக்குப் பின்னால் ஒரு தேர்தல் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. வாச்சாத்தியில் 54 பேர் குற்றவாளி என்ற வார்த்தையைக் கேட்காமலேயே கணக்கை முடித்துக்கொண்டார்கள். மேலே இருப்பவர் பொதுமன்னிப்புச் சட்டம் எல்லாம் கொண்டுவர வேண்டியதில்லை. வாய்தா வாங்கினாலே போதும்!

லா காலேஜ் ஃப்ரெண்ட் யாராவது இருந்தா, 2011 தர்மபுரி தீர்ப்பையும் 2023 சென்னை தீர்ப்பையும் வாங்கிப் படிச்சுப் பாருங்க. ஜர்னலிசம் படிக்கிறவங்க, 2023 தீர்ப்பில் அந்த மூணு அதிகாரிகள் மேலே எடுக்கச் சொன்ன நடவடிக்கை எந்த மேஜையில் இருக்குனு ஒரு ஆர்.டி.ஐ. மனு போட்டுக் கேளுங்க. பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப், ஒரு வெள்ளைத்தாள், அவ்வளவுதான் செலவு. நம்ம மாதிரி இன்ஜினீயரிங் பசங்க? லைன்ல கோளாறு எங்கேனு தேடுறதுதானே நம்ம படிப்பே!

பதில் வரட்டும், வராமல் போகட்டும். கேள்வி ஃபைலில் ஏறியாச்சுன்னா, அடுத்த முறை மூணு டிபார்ட்மென்ட்டை ஒரே ஊருக்கு அனுப்புற ஆபீஸர் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வைப்பார்.